உணர்ச்சியும் இனமும் பாலும்: மலாயாவில் காலனித்துவ உளவியல் விட்டுச் சென்ற சுவடுகள்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலாங்கூர் மாநிலத்தோடு எல்லை வகுக்கும் பெர்னாம் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் தஞ்சோங் மாலிம். சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்களைக் கொண்டிருந்த இவ்வூரில், 1922-ஆம் ஆண்டு மலாய் ஆசிரியர்களுக்கான சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அக்கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகத்தில் இன்று தமிழாசிரியர்களும் உருவாகின்றனர். ஓர் இனத்தவர் இன்ன இயல்பினர், இன்ன அளவுக்கே சிந்திக்கவும் உணரவும் வல்லவர் என்ற எண்ணங்கள் கல்வித் திட்டமாகவும் கூலி விகிதமாகவும் சட்டமாகவும் உருப்பெற்ற வரலாற்றை ஆராய்வதற்கு இவ்வூர் பொருத்தமானதொரு தொடக்கப் புள்ளியாகும்.

‘மலாய்க்காரர் திடீரென வெறிகொள்வர்’, ‘தமிழர் பணிவானவர், ஆனால் உணர்ச்சிவயப்படுவர்’, ‘பெண்கள் எளிதில் கலங்குவர்’ என்பன போன்ற கூற்றுகளை நாம் இன்றும் கேட்கின்றோம். இவற்றை நாட்டு மக்களின் பட்டறிவு என்றே பலர் கொள்கின்றனர். ஆயின் இவற்றுள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவியல் என்ற பெயரோடு உலவிய கருத்துகளின் எச்சங்களாகும். அக்கருத்துகள் எவ்வாறு தோன்றின, மலாயாவில் எவ்வாறு வேரூன்றின, தமிழாசிரியர் அவற்றை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

உணர்ச்சி அறிவியற் பொருளான வரலாறு

ஐரோப்பிய மெய்யியலாளரும் சமயவாணரும் நெடுங்காலம் உணர்ச்சியை ஆன்மாவின் வேட்கைகள், பற்றுகள் எனப் பகுத்தே பேசி வந்தனர். அறநெறியோடு இணைந்திருந்த அப்பகுப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்ல மறைந்தது. ‘எமோஷன்’ என்ற ஒற்றைச் சொல் அதன் இடத்தைப் பிடித்தது. ஸ்காட்லாந்து மெய்யியலாளர் தாமஸ் பிரௌனின் விரிவுரைகள் 1820-இல் வெளிவந்த பின்னர் இச்சொல் நிலைபெற்றதை, தாமஸ் டிக்சன் 2003-இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாகக் காட்டுகின்றது.

இது வெறும் சொல் மாற்றம் அன்று. வேட்கை என்பது ஒருவர் அடக்கவோ நெறிப்படுத்தவோ வேண்டிய ஒன்று; அதற்கு அவர் பொறுப்பேற்க வேண்டும். எமோஷன் என்பதோ நரம்பிலும் தசையிலும் நிகழும் ஒன்று. அதனை அளக்கலாம், வகைப்படுத்தலாம். உடலில் நிகழ்வதாயின் உடலின் வகைக்கேற்ப அது மாறுபடும் என்ற அடுத்த எண்ணம் எளிதில் பிறந்தது. அக்கால அறிவியலார்க்கு உடலின் வகைகளுள் தலையாயவை இரண்டு: ஒன்று இனம், மற்றொன்று பால்.

டார்வினின் வினாநிரலும் மலாயாவும்

சார்லஸ் டார்வின் 1872-இல் மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் காணப்படும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதற்காக 1867-இல் அச்சிட்ட வினாநிரல் ஒன்றை உலகின் பல பகுதிகளில் வாழ்ந்தோர்க்கு அனுப்பினார். வியப்புறும்போது கண்ணும் வாயும் அகல விரிகின்றனவா, நாணும்போது முகம் சிவக்கின்றதா என்பன போன்ற வினாக்கள் அதில் இடம்பெற்றன. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விடைகள் சென்றன. மலாக்காவின் உட்பகுதியில் பணியாற்றிய சுரங்கப் பொறியியலாளர் கீச் என்பவர், மலாய்க்காரரையும் சீனக் குடியேறிகளையும் கவனித்து நீண்ட மடல்கள் எழுதினார். அவரை டார்வினுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்.

விடைகளைத் தொகுத்த டார்வின், முதன்மையான உணர்ச்சி வெளிப்பாடுகள் உலகெங்கும் ஒத்தமைகின்றன என்று முடிவு கட்டினார். மனித இனங்கள் யாவும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவை என்ற அவர்தம் கொள்கைக்கு இது வலுச் சேர்த்தது. இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்று வாதிட்டோர்க்கு இது தக்க மறுப்புமாகும்.

ஆயினும் அதே டார்வின், 1871-இல் வெளியிட்ட மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், உள்ளுணர்வு, விரைந்து உணர்தல், பிறரைப் போலச் செய்தல் ஆகியவை பெண்களிடம் மிகுந்து காணப்படுவதாகவும், இவற்றுட் சிலவேனும் தாழ்ந்த இனங்களுக்குரிய பண்புகள் என்றும் எழுதினார். முகத்தின் உணர்ச்சி எல்லார்க்கும் பொது என்ற முடிவும், உணரும் திறத்தில் படிநிலை உண்டு என்ற கருத்தும் ஒரே அறிஞரிடம் அருகருகே இருந்தன என்பது நோக்கற்பாலது.

உணர்ச்சி ஏணி

இப்படிநிலைக் கருத்தை முறையான கோட்பாடாக்கியவர்களுள் ஹெர்பர்ட் ஸ்பென்சர் முதன்மையானவர். பெண்ணின் தனிமனித வளர்ச்சி, மகப்பேற்றுக்கான ஆற்றலைச் சேமிக்கும் பொருட்டு ஆணினும் முன்னதாகவே நின்றுவிடுகின்றது என்று அவர் 1873-இல் எழுதினார். 1876-இல் பல்வேறு இனத்தாரின் உளவியலை ஒப்பிடுவதற்கான திட்டம் ஒன்றை முன்வைத்து, திடீர்த் தூண்டலுக்கு ஆட்படுதல், போலச் செய்தல் ஆகியவற்றை ஒப்பீட்டுக்குரிய கூறுகளாகச் சேர்த்தார்.

இவ்வாறு ஓர் ஏணி அமைந்தது. தூண்டலுக்கும் செயலுக்கும் இடையே நின்று சிந்திக்க வல்ல ஐரோப்பிய ஆண் அதன் உச்சியில் நின்றான். பெண்ணும் குழந்தையும் ‘வளராத’ இனத்தாரும் கீழ்ப்படிகளில் நிறுத்தப்பட்டனர். இனத்தை விளக்கப் பெண்ணும், பெண்ணை விளக்க இனமும் மாறி மாறிச் சான்றாக்கப்பட்டன. பால் வேறுபாடும் இன வேறுபாடும் இக்கால அறிவியலில் தனித்தனிக் கருத்துகளாக வளரவில்லை, ஒன்றையொன்று தாங்கியே வளர்ந்தன என்பதைக் கைலா ஷூலர் 2018-இல் வெளியிட்ட நூல் அமெரிக்கச் சான்றுகளைக் கொண்டு நிறுவுகின்றது. மலாயாவில் இதற்கு இணையான சான்று உண்டா? உண்டு. அமோக், லாத்தா என்ற இரு சொற்களில் அது பொதிந்துள்ளது.

அமோக்கும் லாத்தாவும்

அமோக் என்பது ஒருவர் ஆயுதமேந்தி எதிர்ப்பட்டோரையெல்லாம் தாக்கும் வெறிச்செயலைக் குறிக்கும் மலாய்ச் சொல். லாத்தா என்பது திடுக்கிட்டவர் தம்மையறியாமல் பிறர் சொல்லையும் செயலையும் திரும்பச் செய்யும் நிலை. சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கில்மோர் எல்லிஸ் 1893-இல் அமோக் பற்றியும், 1897-இல் லாத்தா பற்றியும் பிரித்தானிய மனநல ஆய்விதழில் கட்டுரைகள் வெளியிட்டார். முன்னது மலாய்க்காரரின் அமோக் என்றும், பின்னது மலாய்க்காரரின் மனநோய் என்றும் தலைப்பிலேயே இனப் பெயரைத் தாங்கி நின்றன. பேராக்கின் ஆட்சிப் பிரதிநிதியாக விளங்கிய பிராங்க் சுவெட்டன்ஹாம் 1895-இல் வெளியிட்ட ‘மலாய்ச் சித்திரங்கள்’ என்னும் நூலும் இவ்விரண்டையும் மலாய்க்காரரின் இயல்பை விளக்கும் பொருள்களாகக் கையாண்டது.

இங்கே பாலின் பங்கையும் காண வேண்டும். அமோக் ஆணுக்குரியதாகவும், லாத்தா பெரும்பாலும் பெண்ணுக்குரியதாகவும் விவரிக்கப்பட்டன. கட்டற்ற சினம் ஆணின் பங்கு, கட்டற்ற போலச்செய்தல் பெண்ணின் பங்கு என்றாயிற்று. ஸ்பென்சர் ஏணியின் கீழ்ப்படிகளுக்கு வகுத்த இரு பண்புகளும் இவையே என்பதை மறத்தலாகாது.

இவ்விளக்கத்தின் உள்முரண் தெளிவானது. 1869-இல் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலை எழுதிய வாலஸ், மலாய்க்காரரை அடக்கமும் கூச்சமும் உடையவர், உணர்ச்சியை வெளிக்காட்டாதவர் என்றும், பாப்புவா மக்களே உணர்ச்சிப் பெருக்கு உடையவர் என்றும் வேறுபடுத்தி, அவ்வேறுபாட்டை இனப் பாகுபாட்டுக்கு ஓர் அடிப்படையாகவே கொண்டார். உணர்ச்சியற்றவர் எனப்பட்ட அதே மக்கள், கால் நூற்றாண்டுக்குள் உணர்ச்சியைக் கட்டுப்படுத்த இயலாதவர் என்று மருத்துவ இதழில் இடம்பெற்றனர். மக்கள் மாறவில்லை, அவர்களைப் பற்றி ஆட்சியாளர் கேட்ட கேள்வியே மாறிற்று.

லாத்தா ஓர் இனத்துக்கே உரிய நோய் என்ற கருத்தும் அக்காலத்திலேயே ஐயத்துக்குரியதாய் இருந்தது. 1880-ஆம் ஆண்டளவில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், மேய்ன் மாநிலத்தில் மரம் வெட்டும் பிரெஞ்சு வழிவந்த ஆண்களிடம் இதனை ஒத்த நிலையை விவரித்தார். பிரெஞ்சு மருத்துவர் கில் டெ லா டூரெட் 1884-இல் அதனையும் லாத்தாவையும் சைபீரியாவில் காணப்பட்ட மற்றொரு நிலையையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். வெள்ளையரிடத்தும் ஆண்களிடத்தும் காணப்பட்ட ஒன்று, மலாய்ப் பெண்ணிடத்து மட்டும் இனத்தின் இயல்பாக விளக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ரொனால்ட் சைமன்ஸ், லாத்தாவைத் திடுக்கிடும் அனிச்சைச் செயலின் பண்பாட்டு வடிவம் என்று விளக்கினார். ராபர்ட் வின்ஸ்லர் 1995-இல் அதன் சமூக வரலாற்றை நூலாக்கினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடு அமோக், லாத்தா இரண்டையும் பண்பாட்டுசார் நோய்த்தொகுதிகள் என்ற பட்டியலில் சேர்த்தது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பட்டியலே மாற்றியமைக்கப்பட்டது. இவ்விரண்டும் அதில் இடம்பெறவில்லை.

‘பணிவான’ தமிழர்

தமிழர்க்கு வாய்த்த முத்திரை வேறு. தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் தென்னிந்தியத் தொழிலாளரைப் பணிவானவர், எளிதில் ஆளத்தக்கவர் என்று ஓயாது எழுதினர். சையத் ஹுசேன் அலதாஸ் 1977-இல் வெளியிட்ட ‘சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை’ என்ற நூல், இத்தகைய இனப் படிமங்கள் காலனித்துவ முதலாளியத்தின் தேவைக்கேற்ப உருவாக்கப்பட்டவை என்று நிறுவியது. தோட்டக் கூலிக்கு வர மறுத்த மலாய்க்காரர் சோம்பேறி எனப்பட்டார். வந்த தமிழர் பணிவானவர் எனப்பட்டார். இரண்டும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாம்.

பணிவு என்ற இவ்வியல்பு இரத்தத்தில் இருந்து வந்ததா, தோட்ட அமைப்பிலிருந்து வந்ததா? கங்காணியிடம் பட்ட கடன், தோட்டத்துக்குள்ளேயே அடங்கிய குடியிருப்பு, துரையின் கையில் இருந்த வேலையும் வீடும் ஆகியவற்றைக் கருத்திற் கொண்டால் விடை எளிது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் அவ்விடையை உறுதிப்படுத்தியது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கொடிய மேலாளர்களை நீக்குதல், கள்ளுக்கடைகளை மூடுதல், துரைக்கு முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை, தொழிலாளர் குடும்பப் பெண்கள்மீதான அத்துமீறல்களை நிறுத்துதல் ஆகியன தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் சில. தலைவர் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின் நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வரவழைக்கப்பட்டன, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். பணிவானவர் எப்படிப் போராடுவர் என்ற கேள்விக்கு, வெளியாரின் தூண்டுதல் என்பதே ஆட்சியாளர் கண்ட விளக்கம். தமக்கென ஒரு நியாயமான சினம் தமிழர்க்கு இருக்க இயலும் என்பதை ஏற்க அவ்விளக்கத்தில் இடமில்லை.

பெண், பொறாமை, சட்டம்

தோட்டப் பெண்ணின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1920-களின் இறுதியில் முதன்மை வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிர்ணயக் கூலியாக இருந்தன. மலாயாவின் இந்தியருள் பெண்கள் தொகை மிகக் குறைவு. 1931-இல்கூட ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. குடும்பமாக வருவோரைக் காட்டிலும் தனி ஆண்களையே பெரிதும் வரவழைத்த ஆள்சேர்ப்பு முறையின் விளைவு இது.

ஆயின் தோட்டத்தில் நிகழ்ந்த பூசல்களுக்கும் வன்செயல்களுக்கும் கூறப்பட்ட காரணம் ஆள்சேர்ப்பு முறையன்று. இந்திய ஆணின் பால்சார் பொறாமையும் இந்தியப் பெண்ணின் ஒழுக்கக்கேடுமே காரணம் எனப்பட்டது. பீஜித் தீவிலும் இதே விளக்கம் வழங்கிற்று. இங்கும் உணர்ச்சி இனமாகவும் பாலாகவும் பிரித்தே வழங்கப்பட்டது: பொறாமை ஆணுக்கு, சபலம் பெண்ணுக்கு. அருணிமா தத்தா 2021-இல் வெளியிட்ட நூல் இவ்வாவணங்களை மீள வாசித்து, அப்பெண்கள் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்க முயன்ற தருணங்களை வெளிக்கொணர்கின்றது.

சட்டமும் இவ்வெண்ணத்தைத் தாங்கி நின்றது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498-ஆம் பிரிவு, பிறன் மனைவியைக் கவர்ந்து செல்வதைக் குற்றமாக்கியது. அது மலாயாவின் தண்டனைச் சட்டத்திலும் அதே எண்ணோடு இடம்பெற்றது. அப்பிரிவின் பார்வையில் பெண் கவரப்படுபவள். தானே முடிவெடுத்துச் செல்பவள் அல்லள். துன்புற்றவனாகக் கருதப்பட்டவன் கணவன் மட்டுமே. விடுதலைக்குப் பின்னரும் நீடித்த இப்பிரிவை, பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 8(2)-ஆம் பிரிவுக்கு முரணானது என மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பரில் அறிவித்தது. பழைய உளவியலின் ஆயுள் எத்துணை நீண்டது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

வகுப்பறைக்குள் நுழைந்த கோட்பாடு

கல்வியும் இதற்கு விலக்கன்று. ஜாவாவையும் பிலிப்பைன்ஸையும் பார்வையிட்டு ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1917-இல் அளித்த அறிக்கையின் வழியில், மலாய்ப் பள்ளிகளிலும் பின்னர்த் தஞ்சோங் மாலிம் கல்லூரியிலும் தோட்டவேலையும் கூடைமுடைதலும் பாடங்களாயின. மலாய்க்காரர் சிற்றூர் வாழ்வுக்கு உரியவர் என்ற முடிவு முன்னதாகவே எடுக்கப்பட்டிருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கதையும் இதுவே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கக் கட்டளையிட்டது. ஆயின் பால்மரக் காட்டுக்கு அப்பால் ஒரு வாழ்வை அப்பள்ளிகள் நோக்கவில்லை.

வரலாறு அம்முடிவுகளைப் பொய்யாக்கியது. கூடைமுடையக் கற்பிக்கப்பட்ட கல்லூரியிலிருந்து இப்ராகிம் யாக்கோப் போன்றோர் வெளிவந்து, 1938-இல் இளைய மலாய்க்காரர் சங்கத்தை நிறுவி விடுதலைக் குரல் எழுப்பினர். தோட்டப் பள்ளிகளில் தொடங்கியோர் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்ததை நாம் அறிவோம்.

மெய்ப்பாட்டியல் தரும் வெளிச்சம்

உணர்ச்சியைப் பற்றித் தமிழ் மரபு என்ன கூறுகின்றது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது. வெகுளிக்குக் கூறப்பட்டவை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்புக்கு ஊறு, குடிக்கும் சுற்றத்துக்கும் கேடு, வைதலும் அடித்தலும் ஆகியவை சினத்தின் பிறப்பிடங்கள் என உரைவழி நாம் அறிகின்றோம். இங்கே சினம் இன்னார் இரத்தத்தில் பிறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்ன சூழலில் பிறப்பது என்றே வரையறை அமைகின்றது. கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைகளை இந்நிலைக்களன்களோடு பொருத்திப் பாருங்கள். பெண்கள்மீதான அத்துமீறல் குடிகோள். மேலாளரின் வசையும் அடியும் அலை. ஆட்சியாளர் காணத் தவறிய காரணத்தை இலக்கண நூலொன்று பெயரிட்டு வைத்துள்ளது.

ஆயினும் நம் மரபைக் குறையற்றது என்று கொண்டாடுதல் நேர்மையாகாது. அதே தொல்காப்பியம் களவியலில் பெருமையையும் உரனையும் ஆணுக்கும், அச்சத்தையும் நாணையும் மடனையும் பெண்ணுக்கும் உரியனவாக்குகின்றது. பயிர்ப்பு பின்னர்ச் சேர்ந்து நாற்குணம் என்ற வாய்பாடு உருவாயிற்று. அகப்பாடல் மாந்தர்க்கான இவ்விலக்கணத்தைப் பெண்ணின் உடலியற்கை என்று வகுப்பில் கற்பிக்கும்போது, நாமும் ஸ்பென்சரின் ஏணியையே வேறு மரத்தால் செய்கின்றோம்.

முடிவுரை

உணர்ச்சி எல்லார்க்கும் பொதுவா, பண்பாட்டால் உருவாவதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பால் எக்மன் 1960-களின் இறுதியில் நியூகினியில் செய்த ஆய்வுகள் முகக்குறிகளின் பொதுமையை வலியுறுத்தின. லிசா பெல்ட்மன் பேரட் 2017-இல் வெளியிட்ட நூல், உணர்ச்சிகள் பட்டறிவாலும் மொழியாலும் கட்டமைக்கப்படுகின்றன என்கின்றது. இவ்விரு தரப்பும் இனத்துக்கொரு படி வகுத்த பழைய ஏணியைத் தாங்கி நிற்பன அல்ல.

ஆயின் அவ்வேணி நம் பேச்சில் நிற்கின்றது. 1911-இல் ஈப்போவுக்கு அருகே மனநல மருத்துவமனை திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தானின் பெயர் இன்றும் கேலிச்சொல்லாக வழங்குகின்றது. வகுப்பில் ஒரு மாணவன் சினந்து எழும்போது ‘தோட்டத்துப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான்’ என்று சொல்லும் ஆசிரியர், தம்மை அறியாமலேயே காலனித்துவ அதிகாரியின் குறிப்பேட்டிலிருந்து படிக்கின்றார். ஒரு மாணவி அழும்போது ‘பெண்பிள்ளைதானே’ என்று கடந்து செல்பவரும் அவ்வாறே.

எனவே ஆசிரியர்க்கு நாம் முன்வைக்கும் பரிந்துரை எளியது. மெய்ப்பாட்டியலை எட்டுப் பெயர்களின் பட்டியலாக மனனம் செய்விப்பதோடு நில்லாமல், நிலைக்களன்களோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். பாடலில் தலைவி கலங்கினால் எதனால் என்று கேட்கப் பழக்குவோம். நாற்குணத்தைக் கற்பிக்கும்போது அது எந்நூலில், எதற்காகக் கூறப்பட்டது, பின்னர் எவ்வாறு மாறிற்று என்பதையும் சேர்த்தே கற்பிப்போம். ‘இவன் எவ்வினத்தான்’ என்று தொடங்கிய பழைய அறிவியல், ‘இவனுக்கு என்ன நேர்ந்தது’ என்ற கேள்வியைக் கேட்காமலேயே ஒரு நூற்றாண்டைக் கழித்தது. அக்கேள்வியை நம் மாணவரை நோக்கி முதலில் கேட்க வேண்டியவர் ஆசிரியரே.